ரைட் என்றால் வலது இல்லை

அத்தியாயம் 14

“அந்த வீட்டில் ஒரு ஆளுக்காவது அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லையா?” என்று போன வாரம் முழுக்கக் கடிதம் எழுதித் தள்ளிய வாசகிகளுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. தோன்றவில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகளுக்குப் பிரசவ விடுப்பு முடிகிறது. ஏழு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சாப்பாட்டு மேஜையில் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “உங்கம்மா இந்த மாசத்தோட வேலைய விட்டுடுவா, அப்புறம் என்ன?” என்றார். மகள் எழுந்து வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு “தேங்க்ஸ்மா” என்றாள். இருபத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அந்த அம்மா, கரண்டியும் கையுமாக நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

அவளுடைய கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அது அவர்கள் யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தீவில் புதிதாகத் திறந்திருக்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுக்கு அவளைப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். இரண்டு வருடம். பதினெட்டாம் தேதி மாலை நான்கு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

இன்றைக்குத் தேதி பதினெட்டு.

வீட்டில் என்ன சொன்னாள் என்கிறீர்களா? தோழிகளோடு காரில் தீவுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறேன் என்றாள். தீவு நிஜம், தோழிகள் நிஜம், சாயங்காலம் திரும்புவதும் நிஜம். நடுவில் ஒரு கையெழுத்தைச் சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான். இதைப் பொய் என்று சொல்கிறவர்கள் அந்தச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

காலை ஏழு மணி. வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினார். தினமும் நடக்கிற காரியம் இது. அவள் எட்டு வருடமாகக் கார் ஓட்டுகிறாள், நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் முன்னால் மட்டும்தான். லைசென்ஸ் வாங்கிய முதல் வாரம் கேட் தூணில் ஒரு உரசல். “ரிவர்ஸ் உனக்கு வராது, விடு, அத நான் பாத்துக்கறேன்” என்று அவர் சாவியை வாங்கினார். அன்றிலிருந்து காலையில் அவர் எடுத்துக் கொடுப்பார். ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் அவளுக்கென்று மூலையில் ஒரு இடம் வைத்திருப்பார், நேராக உள்ளே போய் நேராக வெளியே வரலாம். ரிவர்ஸ் கியர் என்று ஒன்று காரில் இருப்பதையே அவள் ஏறக்குறைய மறந்துவிட்டாள்.

“மெதுவா போ. அஞ்சு மணி ஃபெர்ரிய விட்டுடாத” என்றார்.

“போயிட்டு வரேங்க” என்றாள்.

தெருமுனையில் இரண்டு பேர் பையோடு காத்திருந்தார்கள். ஒருத்தி கண்டக்டர். முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு, போன வருடம்தான் ஓய்வு பெற்றவள். இன்னொருத்தி பார்லர். முனையில் இருக்கும் அழகு நிலையம் அவளுடையது, அந்தத் தெருவில் புருவம் வைத்திருக்கிற எல்லாரும் அவளுக்குக் கட்டுப்பட்டவர்கள். மூன்று பேரும் தினமும் காலையில் பூங்காவை ஐந்து சுற்று சுற்றுகிறவர்கள். அவர்களுக்கு நம் கதாநாயகி எக்ஸ்ரே. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

“முன் சீட் எனக்கு” என்று கண்டக்டர் ஏறினாள்.

“முப்பது வருஷம் நின்னுட்டே போனவளுக்கு சீட்டு வேற கேக்குதா?” என்று பார்லர் பின்னால் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பெரிய டப்பா. உள்ளே ரொட்டி, அவித்த முட்டை, நறுக்கிய வெள்ளரிக்காய். “கலங்கரை விளக்கம் பாக்கணும், மேல ஏறி மூணு பேரும் போட்டோ எடுக்கணும். நான் லிப்ஸ்டிக் ரெண்டு கலர் எடுத்துட்டு வந்திருக்கேன்.”

எக்ஸ்ரே சிரித்தாள்.

படகுத்துறைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பது. பத்தரை ஃபெர்ரி கரையில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஆரஞ்சு சட்டை போட்ட ஒருவர் ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்துக் கத்திக்கொண்டு வந்தார்.

“எல்லா வண்டியும் ரிவர்ஸ்லதான் ஏறணும்! இதுக்கு ஒரு பக்கம்தான் கதவு. இங்க பின்னால ஏறினாத்தான் அங்க நேரா இறங்க முடியும்! திருப்பி நிறுத்துங்க, திருப்பி நிறுத்துங்க!”

எக்ஸ்ரேயின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது.

“என்னடி ஆச்சு?” என்றாள் கண்டக்டர்.

“ஒண்ணுமில்ல.”

“மூஞ்சி வெளுத்துப் போச்சு.”

“எனக்கு ரிவர்ஸ் வராது.”

“எட்டு வருஷமா ஓட்டற!”

“முன்னால ஓட்டறேன்.”

பார்லர் முட்டையை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். கண்டக்டர் மட்டும் அசரவில்லை. கதவைத் திறந்து இறங்கி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

“இதுல என்ன இருக்கு? முப்பது வருஷம் எத்தன பஸ்ஸ டிப்போல பின்னால எடுக்கச் சொல்லியிருக்கேன். நான் பின்னால நின்னு சொல்றேன். நான் சொல்றத மட்டும் கேளு.”

இங்கேதான் வினை ஆரம்பித்தது.

ஆறு கார்கள் ஏறிவிட்டன. ஏழாவது இவர்களுடையது. எக்ஸ்ரே ரிவர்ஸ் கியரைப் போட்டாள். கார் நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. சரிவுப் பலகைக்குப் பக்கத்தில் நின்ற கண்டக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

“ரைட்!” என்று கத்தினாள்.

எக்ஸ்ரே ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தாள்.

“ரைட், ரைட்!”

இன்னும் ஒடித்தாள். காரின் பின்பக்கம் இரும்புத் தூணைப் பார்த்துத் திரும்பியது. கண்டக்டர் பதறினாள். என்ன செய்கிறாள் இவள்? பயத்தில் நின்றுவிடப் போகிறாளோ என்று தைரியம் கொடுப்பதற்காகக் குரலை உயர்த்தினாள்.

“ரைட் ரைட் ரைட் ரைட்!”

எக்ஸ்ரே முழு ஸ்டியரிங்கையும் ஒடித்தாள்.

“ஹோல்டான்! ஹோல்டான்டி!”

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பின்விளக்கு உடைந்து சிவப்புச் சில்லுகள் பலகையில் உருண்டன. பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. யாரோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி “லேடீஸ்” என்று ஆரம்பித்து ஏதோ சொன்னார். அவர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஆரஞ்சு சட்டைக்காரர் ஓடி வந்தார். கோபக்காரர் இல்லை. “யக்கா, நீங்க இறங்குங்க. நான் ஏத்திக் குடுத்துடறேன். ஒரு நிமிஷ வேலை” என்று கதவைத் திறக்கக் கையை நீட்டினார்.

இறங்கியிருக்கலாம். நீங்களும் நானும் இறங்கியிருப்போம். எக்ஸ்ரே சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றிவிட்டாள். எட்டு வருடமாகப் பழக்கமான காரியம்தானே, யாராவது கையை நீட்டினால் சாவியைக் கொடுப்பது. பிறகு பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

“வேண்டாங்க. நானே ஏத்தறேன்.”

“அதுக்கு நேரமில்லக்கா. பின்னால பதினாலு வண்டி நிக்குது.”

“சரி, அவங்க ஏறட்டும். நான் அடுத்ததுல வரேன்.”

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஓரமாகக் கையைக் காட்டினார். பத்தரை ஃபெர்ரி அவர்கள் மூன்று பேரையும் கரையில் விட்டுவிட்டுப் போனது.

பார்லருக்கு வந்ததே கோபம்! “உனக்கென்ன பைத்தியமா? அந்த ஆளே ஏத்தித் தரேன்னு வந்தாரு. இப்ப கலங்கரை விளக்கமும் போச்சு, ஒண்ணும் போச்சு. இன்னிக்கு ஒரு நாள் டூருக்கு ரிவர்ஸ் கத்துக்கிட்டு என்ன செய்யப் போற?”

“இன்னிக்கு ஒரு நாள் இல்ல” என்றாள் எக்ஸ்ரே.

“என்ன?”

“வாராவாரம் இந்த ஃபெர்ரிலதான் போகணும், வரணும். ரெண்டு வருஷத்துக்கு. ஒவ்வொரு தடவையும் யாராவது ஏத்தி விடுவாங்களான்னு கரையில நின்னுட்டு இருக்க முடியாது.”

கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். கண்டக்டர் படித்தாள். டிக்கெட்டைப் பரிசோதிக்கிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு பார்லரிடம் நீட்டினாள்.

“தினம் அஞ்சு ரவுண்டு நடக்கறோம்” என்றாள் கண்டக்டர். “ஒரு ரவுண்டுல சொல்லியிருக்கலாம்.”

“வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு பயம்.”

“நான் சொல்வேனா?”

“நீ சொல்ல மாட்ட. அவ சொல்வா.”

பார்லர் கடிதத்தை மடித்தாள். “ஆமா. சொல்லியிருப்பேன். நீ போயிட்டா நான் காலைல யார்கூட வாயடிப்பேன்? இவகூடவா? இவ பேசினாலே அடுத்த ஸ்டாப்புல இறங்கிடலாம் போல இருக்கும்.” சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மை கலையாமல் விரல்நுனியால் ஒற்றிக்கொண்டாள். “வீட்ல யாருக்கும் தெரியாதா?”

“கையெழுத்துப் போட்டுட்டு சொல்லுவேன். போடறதுக்கு முன்னாடி சொன்னா போட விட மாட்டாங்க. அவங்க அழுதா நான் இளகிடுவேன். எனக்கே என்னைத் தெரியும்.”

கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இப்ப பத்து நாப்பத்திரெண்டு. கார் ஏத்தற அடுத்த வண்டி பன்னெண்டு. அதுக்கு அப்புறம் மூணு மணிக்குத்தான். மூணு மணி வண்டில போனா நாலு மணிக்கு நீ அங்க சேர முடியாது. ஆக, பன்னெண்டுதான். ஏறி உக்காரு.”

டீக்கடையிலிருந்து நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்லர் பேசியே வாங்கி வந்தாள். காலியாக இருந்த மண்தரையில் சரிவுப் பலகையின் அகலத்துக்கு அளந்து வைத்தார்கள். எக்ஸ்ரே ரிவர்ஸ் போட்டாள். கண்டக்டர் “ரைட்” என்றாள். நாற்காலி பறந்தது.

“நிறுத்து!” கண்டக்டர் ஜன்னலுக்கு வந்தாள். “ஏன்டி ஒடிக்கற? நேராத்தானே வந்துட்டிருந்த?”

“நீதானே ரைட்னு சொன்ன!”

“ஆமா. ரைட்னா வா, போலாம்னு அர்த்தம்.”

“ரைட்னா வலதுன்னு அர்த்தம்!”

“எந்த ஊர்ல? பஸ்ஸுல ரைட் ரைட்னு சொன்னா டிரைவர் நேரா போவாரா, வலது பக்கம் திரும்பி கடைக்குள்ள விடுவாரா?”

“நான் டிரைவரா? எக்ஸ்ரே ரூம்ல ரைட்னா வலது கை, லெஃப்ட்னா இடது கை. ரைட்டுன்னு எழுதியிருந்தா இருபத்தொம்போது வருஷமா வலது காலத்தான் எடுக்கறேன்!”

பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அந்த மை நிஜமாகவே கலைந்துவிட்டது.

“சரி, இனிமே ரைட்டே கிடையாது” என்றாள் எக்ஸ்ரே. “வான்னு சொல்லு, நில்லுன்னு சொல்லு. பக்கத்துக்கு வலது இடது சொல்லு.”

“வலது இடதுக்கு நான் யோசிக்கணும். அதுக்குள்ள நீ கடலுக்குள்ள போயிடுவ. சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம். அது யோசிக்காம வரும்.”

“சீ! இத்தன பேர் முன்னால பீச்சாங்கைன்னு கத்தப் போறியா?” என்றாள் பார்லர்.

“வேல ஆகணுமா, மரியாத ஆகணுமா?”

வேலைதான் ஆகவேண்டியிருந்தது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. “சோத்துக்கைப் பக்கம்! போதும்! வா, வா! பீச்சாங்கை கொஞ்சம்! நில்லு!” ஐந்தாம் தடவை இன்னொரு நாற்காலிக்குக் கால் போனது. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை கடுத்தது. கைப்பைக்குள் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மகள். எடுத்தால் குரலில் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்று எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஏழாவது தடவை கார் நாற்காலிகளுக்கு நடுவில் ஒன்றையும் தொடாமல் உள்ளே போனது. எட்டாவது தடவையும் போனது. பத்தாவது தடவை அவள் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டினாள், கண்டக்டருக்கு வேலையே இல்லை.

பன்னிரண்டு ஃபெர்ரி வந்தது. அதே ஆரஞ்சு சட்டைக்காரர். இவர்களைப் பார்த்ததும் அவர் கை தானாகக் கதவுப் பக்கம் நீண்டது. எக்ஸ்ரே ஜன்னலை ஏற்றிவிட்டாள்.

கியர். கண்ணாடி. கழுத்து. கார் பலகைமேல் ஏறும்போது பின்சக்கரம் தூக்கிப் போட்டது, அவள் காலை எடுக்கவில்லை.

“வா, வா. பீச்சாங்கை. போதும். வா.”

தளத்தில் இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு சந்துதான் மிச்சம். பாதி உள்ளே வந்தாகிவிட்டது. கண்டக்டருக்கு உற்சாகம் தலைக்கேறியது. செய்த ஒப்பந்தம் எல்லாம் மறந்துபோய், முப்பது வருடப் பழக்கத்தில் உள்ளங்கையால் லாரியைத் தட்டிக்கொண்டு கத்தினாள்.

“ரைட்! ரைட் ரைட்!”

பார்லர் கண்ணை மூடிக்கொண்டாள்.

எக்ஸ்ரே ஸ்டியரிங்கை ஒரு இம்மிகூடத் திருப்பவில்லை. நேராக வந்தாள். சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தாள். ஆரஞ்சு சட்டைக்காரர் பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. மற்ற வண்டிகளுக்கு வைக்கிற மாதிரியே சக்கரத்துக்குக் கட்டையை வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அதுவே அவளுக்கு நிறைவாக இருந்தது.

தீவில் இறங்கியபோது ஒரு மணி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கக் கரையில், இருபத்திரண்டு கிலோமீட்டர். சாலை கடலை ஒட்டியே போனது. குழி பாதி, சாலை பாதி. ஆடுகள் நடுரோட்டில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டோம் என்றன. கண்டக்டர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஊர்ப் பலகையைப் படித்து, இறங்குகிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டாள். பார்லர் பின்னாலிருந்து ரொட்டியைப் பிய்த்து எக்ஸ்ரேயின் வாயில் ஊட்டினாள். கலங்கரை விளக்கம் தூரத்தில் தெரிந்தது.

“நிறுத்தவா? அஞ்சு நிமிஷம்” என்றாள் எக்ஸ்ரே.

“மூச்! நேரா ஓட்டு” என்றாள் பார்லர். “ரெண்டு வருஷம் இங்கதானே இருக்கப் போற. அடுத்த மாசம் வந்து பாத்துக்கறேன்.”

ஆஸ்பத்திரி சின்னது, பெயின்ட் வாசனை போகவில்லை. எக்ஸ்ரே அறையில் இயந்திரத்துக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கதிர் படாமல் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஈயக் கவசங்கள் இரண்டு, மடிக்கக் கூடாதவற்றை மடித்து அலமாரியில் வைத்திருந்தார்கள். உள்ளே விரிசல் விட்டுவிடும். எக்ஸ்ரே பொறுக்கமாட்டாமல் அவற்றை எடுத்து உதறிக் கொக்கியில் மாட்டினாள். டாக்டர் பிரசவ அறையில் இருப்பதாக நர்ஸ் சொன்னாள். இரண்டு மணி, இரண்டரை, மூன்று. பார்லர் நகத்தைக் கடித்தாள், அவள் நகம் கடித்து நான் பார்த்ததில்லை. மூன்று ஐந்துக்கு டாக்டர் வந்தாள். மகள் வயதுதான் இருக்கும்.

“சொல்லுங்க மேடம்?”

எக்ஸ்ரே கடிதத்தை நீட்டினாள். டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்களா? நீங்க வரலைன்னு நேத்து மெயில் அனுப்பிட்டீங்களே.”

“நானா?”

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். எக்ஸ்ரேயின் மெயில்தான். நேற்று மத்தியானம் மூன்றே காலுக்குப் போயிருந்தது. மூன்று வரி. ‘குடும்பச் சூழ்னிலை காரணமாக இந்தப் பொறுப்பை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன்…’

சூழ்னிலை. ரெண்டு சுழி ‘னி’. எழுத்தாளர்கள் மன்னிக்கவேண்டும், எக்ஸ்ரேவுக்கு அந்த வார்த்தை எப்போதும் தகராறு. அந்தப் பிழையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது அவள் எழுதியதுதான். ஆனால் நேற்று இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால்.

“ஒரு விஷயம் மேடம்” என்றாள் டாக்டர். “இத நான் இன்னும் தலைமை ஆபீசுக்கு அனுப்பல. அனுப்பியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். இது நீங்க அனுப்பலைன்னா உங்க மெயில வேற யாரோ திறந்திருக்காங்க, நான் புகார் எழுதித்தான் ஆகணும். நீங்கதான் அனுப்பினீங்கன்னா, மனசு மாத்திக்கிட்டேன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுக்கணும். ரெண்டுல எது?”

“அஞ்சு நிமிஷம் குடுங்க.”

நடைபாதையில் நின்று மகளைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அம்மா! எங்கம்மா இருக்க? எத்தன தடவ கூப்பிடறது!”

“ஆஸ்பத்திரில. மெயில் பாத்தேன்.”

அந்தப் பக்கம் விசும்பல்.

“உன் பைல லெட்டர பாத்தேம்மா. பாப்பாவுக்குத் துண்டு தேடினப்போ. என்னால முடியல. நீ போயிட்டா நான் எப்படிம்மா வேலைக்குப் போவேன்? எழுத உக்காந்தேன், எனக்கு ஒண்ணும் எழுத வரல. வீட்டுக் கம்ப்யூட்டர்ல திறந்தே இருக்கற உன் மெயில்ல பழசு இருந்துச்சு. தேதி மட்டும் மாத்தினேன்.”

எக்ஸ்ரே சுவரில் சாய்ந்தாள். அழுகை வந்தது, ஆனால் கோபம் வரவில்லை. வரவேண்டிய கோபம் வராததுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“அது உன் பன்னெண்டாம் வகுப்புப் பரீட்சைக்காக எழுதினது” என்றாள். “அப்ப பெரிய ஆஸ்பத்திரில ஸ்கேன் பிரிவு குடுத்தாங்க, வேண்டாம்னேன். அப்புறம் அப்பாவுக்குக் கால் உடைஞ்சப்போ ஒண்ணு. உன் கல்யாணத்தப்போ ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் அதே லெட்டர்தான், நானே தேதி மாத்தி அனுப்பினேன். மூணு தடவ நான் அனுப்பினேன், நாலாவது தடவ நீ அனுப்பியிருக்க.”

“அம்மா, ஸாரிம்மா.”

“அழாத. குழந்தைய பாத்துக்க ஆள் தேடலாம், சேர்ந்து தேடலாம். சனி ஞாயிறு நான் வந்துடுவேன். ஆனா நான் கையெழுத்துப் போடப்போறேன்.”

“அம்மா… அப்பாகிட்ட பதினோரு மணிக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன். பயந்து போய் சொல்லிட்டேன். அவர் அப்பவே வாடகைக் கார் பிடிச்சுக் கிளம்பிட்டார். ஆளுங்க மட்டும் போற ரெண்டு மணி வேகப் படகுல ஏறியாச்சாம், அது அரை மணில தீவுக்கு வந்துடுமாம்.” மகள் மூக்கை உறிஞ்சினாள். “பாப்பாவையும் தூக்கிட்டுப் போயிருக்கார்.”

“பாப்பாவையா? எதுக்கு?”

“உன்னப் பாத்ததும் அவ கைய நீட்டுவாளாம். அதுக்கப்புறம் எப்படிக் கையெழுத்துப் போடறான்னு பாக்கறேன்னார்.”

எக்ஸ்ரே போனை வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

“அந்த மெயில் என்னுதுதான் டாக்டர். நான் எழுதினதுதான். மனசு மாத்திக்கிட்டேன், பேப்பர் குடுங்க.”

டாக்டர் வேறு கேள்வி கேட்காமல் வெள்ளைத் தாளையும் சேரும் படிவத்தையும் தள்ளினாள். எக்ஸ்ரே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தாள். பெயர். பிறந்த தேதி. பணி அனுபவம். வெளியே ஒரு வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கண்டக்டர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“எக்ஸ்ரே, உன் வீட்டுக்காரர். கையில குழந்தை.”

“நடைபாதை எவ்வளவு நீளம்?”

“நான் வேணா நிறுத்தறேன். இது ரிசர்வ் வண்டி, ஏறாதீங்கன்னு சொல்லிடறேன்.”

“வேண்டாம். வரட்டும்.”

ஏழாவது கட்டம். ‘இந்தப் பணியிடத்தை ஏற்பதற்கான காரணம்.’ எக்ஸ்ரே பேனாவைத் தூக்கி ஒரு நொடி யோசித்தாள். பிறகு எழுதினாள்: குடும்பச் சூழ்நிலை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ‘நி’ சரியாக வந்தது.

செருப்புச் சத்தம் அறை வாசலில் நின்றது.

“இங்க பாரு” என்றார் வீட்டுக்காரர் மூச்சு வாங்க. “யார் வந்திருக்கான்னு பாரேன்.”

பேத்தி அந்த முதுகைக் கண்டுகொண்டாள். தாத்தாவின் தோளிலிருந்து பாதி உடம்பை வெளியே வளைத்து, இரண்டு கையையும் நீட்டி, வீறிட்டுக் கத்தினாள். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தாள். பார்லர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எக்ஸ்ரே திரும்பவில்லை. கடைசிக் கோட்டுக்கு மேல் கையெழுத்துப் போட்டாள். குழந்தை கத்திக்கொண்டே இருந்தது. தேதி எழுதினாள். அதற்குக் கீழே நேரம் எழுதினாள், மூன்று இருபத்து நான்கு. படிவத்தை டாக்டரின் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் எழுந்து திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள்.